சீவிய கதவு

மதிப்பீட்டுப் பாடத்துக்கு முந்தின நாள், ஜீவராணி தன் ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்குக் கை உயர்த்தப் பழக்கினாள். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. பின்னால் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வகுப்பு முழுக்கக் கையாகத் தெரியும். டீச்சர் வலது கையாகப் பார்த்துக் கேட்டுக்கொள்வாள். கல்வியியற் கல்லூரியில் மூத்தவர்கள் கீழ்வகுப்புக்குக் கைமாற்றிக் கொடுத்த வித்தை இது. விமர்சனச் சிந்தனை, ஆக்கச் சிந்தனை என்று அதே கல்லூரியில் ஒரு பாடமும் இருந்தது. அதில் அவளுக்கு நல்ல புள்ளி.

கற்பித்தற் பயிற்சியின் முதல் மதிப்பீட்டில்தான் தவறியிருந்தாள். பிள்ளைகள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று மதிப்பிட வந்தவர்கள் எழுதிவிட்டார்கள். இதுவும் போனால் சான்றிதழ் கிடையாது, நியமனமும் கிடையாது.

பள்ளிக்கூடம் டிக்கோயாவுக்கு மேலே, மலைச்சரிவை வெட்டிக் கட்டிய ஒற்றைக் கட்டடம். பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம். மண்ணுக்கு மேலே லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வீட்டு வரிசை. ஒரு வாரம் கொட்டிய மழை முந்தின நாள்தான் ஓய்ந்திருந்தது.

மதிப்பீட்டு நாள் காலையில் அவள் வந்தபோது, தச்சுவேலை செய்யும் செல்லசாமி வகுப்பறைக் கதவைச் சீவி முடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். பள்ளி அதிபர் முத்துலிங்கம் சீவல்களைத் தானே கூட்டித் தள்ளினார்.

"வர்றவரு கண்ணுல மொதல்ல கதவுதான் படும் டீச்சர். போன கெழமதான் சீவுனோம், திரும்பவும் புடிக்குது."

"மழையில மரம் ஊதியிருக்கும் சேர்," என்றாள் ஜீவராணி. வேறு எதையும் யோசிக்க அன்று அவளுக்கு மனமில்லை.

மதிப்பிட வந்த விரிவுரையாளர் கணேசமூர்த்தி பின்வரிசையில் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். பாடம் ஒத்திகை பார்த்தபடியே ஓடியது. அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். முடிவுரைக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று எழுந்தார்.

"டீச்சர், நான் ஒண்ணு கேக்குறேன். புள்ளைங்களா, வகுப்பச் சுத்திப் பாருங்க. யாராச்சும் ஒரு கேள்வி கேளுங்க பாப்போம். புத்தகத்துல இல்லாத கேள்வி."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. அத்தனையும் இடது கை. அவர் முகம் மலர்ந்தது. ஜீவராணி வலது கை ஒன்றையாவது தேடினாள். அப்போது முன்வரிசைச் சர்மிளா, லயத்துப் பிள்ளை, இடது கையை இறக்கி வலது கையைத் தூக்கினாள்.

"கேளும்மா."

"ஒரே கதவ எதுக்கு சேர் ரெண்டு தரம் சீவுனாங்க?"

பிள்ளைகள் சிரித்தார்கள். விறாந்தையில் நின்ற அதிபர் இருமினார்.

"அருமை," என்றார் கணேசமூர்த்தி. "குழுவாப் பிரிஞ்சு காரணம் யோசிங்க. எந்தப் பதிலும் பிழையில்ல."

தாள்கள் வந்தன. மரம் ஊதியிருக்கிறது என்றது ஒன்று. செல்லசாமி மாமாவுக்குச் சீவத் தெரியவில்லை என்றது இன்னொன்று. கதவுக்குப் பின்னால் பேய் நின்று தள்ளுவதாக ஒரு குழு படமே போட்டிருந்தது. கடைசித் தாளில் பள்ளிக்கூடத்துக்குக் கால் முளைத்திருந்தது. கீழே எழுதியிருந்தார்கள்: பள்ளிக்கூடம் நடக்கிறது.

கணேசமூர்த்தி அதைப் போனில் படம் பிடித்தார். "ஆக்கச் சிந்தனைன்னா இதுதான். சரி டீச்சர், முடிவுரைக்குப் போங்க."

ஜீவராணி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தப் பதிலும் பிழையில்லை என்றால் இதுவும் பிழையில்லை.

"எது சரின்னு பாத்துட்டுப் போவோமே சேர்."

"நேரமில்ல. முடிவுரை இல்லாட்டிப் புள்ளி கொறையும், ஒங்களுக்குத் தெரியும்."

தெரியும்தான். ஆனாலும் கைவேலைப் பெட்டியிலிருந்து நூலெடுத்து, நுனியில் ஒரு கல்லைக் கட்டி, நாற்காலியில் ஏறிக் கதவு நிலையின் மேல்முனையிலிருந்து தொங்கவிட்டாள்.

"மரம் ஊதுனா கதவுதான் தடிக்கும். நெலை நேராத்தானே நிக்கணும்?"

நூல் ஆடி நின்றது. மேலே நிலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழே நூலுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு கையை நுழைக்கலாம்.

"கட்டும்போதே கோணலா வச்சிருப்பானுக," என்றார் அதிபர்.

நியாயமான பதில். ஜீவராணி பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "சேர் சொல்றது சரின்னா, இது மொதல்லருந்தே புடிச்சிருக்கணும். இல்லாட்டி இந்த ஒரு கதவு மட்டும் புடிக்கணும். வேற எங்கயாச்சும் புடிக்குதா?"

"எங்க வீட்டுலயும் நேத்து சீவுனாங்க டீச்சர்," என்றாள் சர்மிளா.

"எங்க வீட்டுலயும்."

"எங்கப்பா ஒதச்சுத்தான் தொறக்குறாரு."

மேல்லயத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார்கள். பெருமையாகத்தான் சொன்னார்கள். வகுப்பில் பெரியவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"எல்லாத்தையும் அப்பிடியே வச்சிட்டுக் கெளம்புங்க. கீழ மைதானத்துக்கு. ஓடாம, நிக்காம."

"டீச்சர், பாடம் முடியலயே. நான் இத என்னன்னு எழுதுறது?"

"நடந்தத எழுதுங்க சேர். புள்ளி போடாட்டியும் பரவால்ல."

கணேசமூர்த்தி நூலை ஒருமுறை பார்த்தார். பேனாவை மூடாமலே பையில் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் இறங்கினார்.

முத்துலிங்கம் போனைக் கையில் வைத்துத் தடுமாறினார். "தோட்டத்துத் தொரைக்கு என்னன்னு சொல்றது? கதவு புடிக்குதுன்னா? சிரிப்பாரு."

"சிரிக்கட்டும் சேர். லயத்துக் கதவெல்லாம் ஒண்ணா புடிக்குது, மண்ணு நகருதுன்னு சொல்லுங்க. கொழுந்து மலைக்குப் போன ஆளுங்கள லயத்துக்கு விட வேணாம்னு சொல்லுங்க."

அவள் மேலே ஏறும் படிக்கட்டுக்குத் திரும்பினாள். லயத்தின் கடைசியில் புள்ளக்காம்பரா இருந்தது. கொழுந்து பறிக்கப் போன தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை. படிகளின் இடுக்கில் தண்ணீர் ஓடியது. மழை நின்றும் அது தெளியவில்லை; சேற்றைக் கரைத்ததுபோல் வந்தது. கால் வைத்த இடமெல்லாம் மண் மெத்தையாக அமுங்கியது. லயத்து நாய்கள் ஒன்றையும் காணவில்லை.

புள்ளக்காம்பரா ஆயா சண்முகவடிவு ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், பெரியவரு வந்திருக்காரு, நீங்க இங்க நிக்கிறீங்க?"

"புள்ளைங்களக் கீழ கொண்டு போகணும்க்கா. இப்பவே."

"இப்பத்தான் தூங்குதுங்க. எதுக்கு?"

ஜீவராணி தொட்டிலிலிருந்து ஒன்றையும் பாயிலிருந்து ஒன்றையும் வாரி எடுத்தாள். மூன்றாவதுக்குக் கையில்லை. மேலே மூடுபனிக்குள் எங்கோ ஒரு கல் உருண்டது. அது நிற்கும் முன்னே இன்னொன்று உருண்டது.