மூணு இலை

அழுகிற சாக்கில் கலைமகள் குனிந்து அப்பாவின் வாயை மோந்து பார்த்தாள். வெற்றிலை வாசனைதான் வந்தது. அதை நம்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள், பெற்ற மகளின் பாசம் என்று நினைத்து இன்னும் உரக்க அழுதார்கள்.

அப்பா ரெங்கசாமி அன்று காலை வாசல் புல்தரையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தார். மூக்கில் கண்ணாடி, மடியில் களைக்கொல்லி பாட்டில். மாரடைப்பு என்று டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். இந்தப் பக்கத்தில் மருந்து பாட்டிலும் செத்த ஆளும் ஒரே இடத்தில் கிடந்தால் டாக்டர் பேச்சு யார் காதில் ஏறும்? கலைமகள் காதிலும் ஏறவில்லை. முதல் நாள் நடந்தது அவளுக்குத்தானே தெரியும்.

அந்தப் புல்தரை, தோஹாவில் இருக்கும் தம்பி சதீஷ் ஆசைப்பட்டுப் போட்டது. அறுபது வருஷம் வயலில் புல்லைப் பிடுங்கியே முதுகு வளைந்த மனுஷனிடம் புல்லை வளர்க்கச் சொன்னால்? தலையில் அடித்துக்கொண்டார். நாலே மாதத்தில் அதன் மேல் பைத்தியமாகிவிட்டார். நடுவில் கோரைக் களை கிளம்பியதும் மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. மருந்து வாங்கிவந்து ஒரு தரம் அடித்தார். அடுத்த தரம் மூணு வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை. அதுவரை புல்லில் கத்தி படக் கூடாது, இலை இருந்தால்தான் மருந்து அது வழியாகக் கிழங்குக்கு இறங்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பாட்டிலில் ஒட்டியிருந்த பொடி எழுத்தை அவருக்குப் படித்துக் காட்டுவது கலைமகள் வேலை. அவருக்குக் காது மந்தம். தெருவுக்கே கேட்கும்படி படிப்பாள்.

திங்கட்கிழமை அவர் மன்னார்குடிக்குப் போயிருந்தபோது சதீஷ் வீடியோவில் வாசலைப் பார்த்துவிட்டு, என்னக்கா காடா கெடக்கு என்றான். கலைமகள் ஆளைக் கூப்பிட்டு மிஷினால் ஒட்ட வெட்டவைத்தாள். மறுநாள் மருந்தடிக்கிற நாள் என்பது மறந்தே போயிற்று. திரும்பி வந்தவர் கேட்டிலேயே நின்று கத்தினார். மூணு வாரக் காவல் போச்சே என்றார். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"ஒரு புல்லுக்கு இந்தப் பாடா? போய்ச் சேர்ற வயசுல என்னப்பா இது?"

அவர் அதன் பிறகு பேசவில்லை. சாப்பிடவும் வரவில்லை.

சித்தப்பா துரைக்கண்ணு அவளை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டார். அண்ணனுக்காக அழுது அழுது அவர் கண் சிவந்திருந்தது.

"உள்ளதச் சொல்லும்மா. வீட்ல ஏதும் பேச்சு வந்துச்சா?"

கலைமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பேச்சை மாற்றினார். செத்த திதியைக் குறித்து வைக்கணும், நாளைக்குத் தம்பி வந்ததும் எடுக்க எமகண்டம் எப்போது என்று காலண்டரில் பார் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

தினம் தாள் கிழிப்பது அப்பாதான். இன்னும் திங்கட்கிழமையே தொங்கிக்கொண்டிருந்தது. கிழித்தாள். செவ்வாய்க்கிழமைத் தாளில் அவர் கையெழுத்தில் 'கோரை மருந்து' என்று இருந்தது. அதன் குறுக்கே அழுத்தமாக ஒரு கோடு. இனி எதற்கு என்று கோடு போட்டுவிட்டாரா?

புதன் தாளைத் தூக்கினாள். ஒன்றுமில்லை. எமகண்டம் பார்க்கவந்தது மறந்துபோய் வியாழனையும் தூக்கினாள். வெள்ளிக்கிழமையில் பேனாவால் நுணுக்கி எழுதியிருந்தது:

'கோரை மருந்து. திங்கள் மத்தியானம் கலை வெட்டிவிட்டது. மூணு இலை வரட்டும். மழை பார்த்து அடிக்க. வெட்டி எத்தனை நாள் விடணும், கலையிடம் படிக்கச் சொல்லிக் கேட்க.'

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். சித்தப்பா ஓடிவந்தார். தாளை அவரிடம் காட்டினாள்.

"வெள்ளிக்கெழமைக்கி நாள் வச்சிருக்காரு சித்தப்பா."

அவர் இரண்டு தரம் படித்தார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், அங்கே முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்களை வாயை மூடச் சொன்னார்.

அவளுக்குப் பாரம் பாதிதான் இறங்கியது. கேட்க என்று எழுதியவர் கேட்கவில்லையே. வீம்பு. அவளை எழுப்பாமல், தானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பந்தலைப் பிரித்தார்கள். ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் புல் படுத்துக் கிடந்தது. கோரை மட்டும் நிமிர்ந்து நின்றது. கலைமகள் குத்துக்காலிட்டு எண்ணினாள். மூணு இலை. வானம் வெறிச்சென்று இருந்தது.

அவள் பாட்டிலை எடுத்து வருவதைப் பார்த்துவிட்டு சதீஷ், இப்பப் போயாக்கா என்றான். அவள் அப்பாவின் நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். அதற்குப் பக்கத்தில் நின்று, மேலிருந்து ஒவ்வொரு வரியாக, தெருவுக்கே கேட்கும்படி படிக்க ஆரம்பித்தாள்.