மாற்று வண்டி

என் கணவர் இருபத்திரண்டு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது. என் தம்பியின் காரில் போனால்கூட வலது கால் தரையில் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்கும். கண்ணசருகிற பேச்சுக்கே இடமில்லை.

நான் லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. எங்கள் வேன் சாவி மட்டும் கைக்கு வந்தபாடில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் அறுபது பேருக்கு நரம்பைத் தேடி ரத்தம் எடுக்கிற கை இது. ஒரு தரம்கூட நடுங்கியதில்லை. அதைச் சொன்னால், "ஊசி வேற, ஸ்டீயரிங் வேற" என்பார். இந்தத் தீவுப் பயணத்துக்கு நான் ஒரே நிபந்தனைதான் போட்டேன்: தீவில் நான் ஓட்டுவேன்.

"சரி, ஓட்டு" என்று தலையாட்டிய மனிதர், படகிலிருந்து வேன் இறங்கியதும் பேச்சை மாற்றினார்.

"இந்த ஏத்தம் போகட்டும்."

ஏற்றம் போனது.

"அந்த வளைவு தாண்டட்டும்."

தீவைச் சுற்றிக் கடலோரமாக ஒரே சாலை. கிளம்பின இடத்துக்கே வந்து சேரும். அதில் வளைவுக்கா பஞ்சம்? பின்னால் கூடாரமும் அடுப்பும் தண்ணீர் கேனும் லொடலொடவென்று ஆடின. கடல் பச்சையும் நீலமுமாக மின்னியது. கோபப்படவே மனம் வராத அழகு. ஆனாலும் நான் விடாப்பிடியாகக் கோபமாக இருந்தேன்.

ஒரு திருப்பத்தில் பயணிகள் நிழற்குடை வந்தது. வேன் ஓரம் கட்டி நின்றது.

"ஏங்க, எதுக்கு நிறுத்துனீங்க?"

அவர் நிழற்குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஸ்டாப்பு வந்துச்சே" என்றார் பரிதாபமாக.

அதற்குள் காலிக் கூடைகளோடு ஒரு மீன்காரம்மா கதவைத் திறந்து ஏறி, வேனுக்குள் விரித்திருந்த எங்கள் மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே பஞ்சரான சைக்கிளோடு ஒரு தபால்காரர். "பஸ்ஸு ரிப்பேருன்னாங்க. பரவாயில்லையே, மாத்து வண்டி விட்டுட்டாங்க" என்றார். நின்ற ஸ்டாப்பில் ஆளை விட்டுவிட்டுப் போவது என் கணவருக்குப் பழக்கமே இல்லை. சைக்கிளை ஏற்ற இறங்கிப் போனார். சாவி வண்டியிலேயே இருந்தது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சும்மாவா சொன்னார்கள்? டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

திரும்பி வந்தவர் கதவருகே நின்றார். "அந்தப் பக்கம் போ."

"பெல்ட் போட்டாச்சு."

"வெளையாடாத. ஆளுங்க இருக்காங்க."

"டிரைவரம்மா, எடுங்கம்மா" என்றார் மீன்காரம்மா. "பிள்ளைங்க பசியோட இருக்கும். கண்டக்டர் சாரே, நீங்களும் ஏறுங்க."

பயணிகள் முன்னால் சண்டை போட்டதே இல்லை என்பது அவருடைய ஆயுட்காலப் பெருமை. முனகிக்கொண்டே சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கூரையை இரண்டு தட்டு தட்டினார். "போலாம், ரைட்."

முதல் வளைவில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. "கியர மாத்து" என்றார். மாற்றி முடித்திருந்தேன்.

"இந்தம்மா பதமா ஓட்டுறாங்க" என்றார் தபால்காரர். "நம்ம பஸ்ஸு டிரைவர் குலுக்கியே கொன்னுடுவாரு."

பின்னாலிருந்து என் கணவரின் குரல் கேட்டது: "நான்தான் கத்துக்குடுத்தேன்."

பச்சைப் பொய். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

தபால்காரர் இறங்கினார். மீன்காரம்மாவும் இறங்கி, கையாட்டிவிட்டுப் போனார். என் கணவர் டிரைவர் சீட்டைத் திருப்பிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கிளம்பினேன்.

நாங்கள் கூடாரம் போட நினைத்திருந்த கலங்கரை விளக்கம், வெயில் சாயும் நேரத்தில் கண்ணில் பட்டது. "பாத்தீங்களா, கொண்டுவந்து சேத்துட்டேன்ல?" என்று கண்ணாடியைப் பார்த்தேன்.

சுருட்டிய கூடாரத்தில் தலை சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வலது கால் அசையவே இல்லை.

லைசென்ஸ் கையில் கிடைத்தபோதுகூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை. இன்ஜின் நின்றால் எழுந்துவிடுவார். அதனால் நிறுத்தவில்லை. கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல், தீவை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.