பழுப்பு வாத்தின் கண்

கரைவெட்டி ஏரிக்கரையில் பறவைக் கணக்கெடுப்புக்கு அன்று காலை மூன்று பேர். மதகுச் சுவர்மேல் வனக்காவலர் பெரியசாமி. அவருக்கு இடப்பக்கம், மடக்கு நாற்காலியில், பன்னிரண்டு வருடமாக வரும் பள்ளி ஆசிரியர் கிளமெண்ட். வலப்பக்கம், சாக்கு விரித்துக் கேமராவுடன் வெற்றிச்செல்வி. அரியலூரில் மருந்துக்கடை வைத்திருப்பவள், இரண்டாவது வருடமாக வருகிறாள்.

போன வருடம்வரை பெரியசாமி எதையும் கிளமெண்டிடம்தான் கேட்பார். இன்று, "அது என்ன பாப்பா?" என்று வலப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தார். ஃப்ளாஸ்க் டீகூட முதலில் அந்தப் பக்கம்தான் போனது. கிளமெண்ட் இரண்டு முறை செருமிப் பார்த்தார்.

நடு ஏரியில் பழுப்பு வாத்து ஒன்று மூழ்கி எழுந்தது.

"குடுமி வாத்து, பொட்டை. எழுதிக்கங்க, வருசா வருசம் வரதுதான்" என்றார் கிளமெண்ட்.

"குடுமியே காணமே சார். இது வெள்ளைக்கண் வாத்து" என்றாள் வெற்றிச்செல்வி.

"கண்ணு வெள்ளையாவா இருக்கு?"

"ஆணுக்குத்தான் சார் வெள்ளை. பொட்டைக்குக் கருப்பா இருக்கும். குடுமி வாத்துன்னா ரெண்டுக்கும் மஞ்சக் கண்ணு."

பெரியசாமி சிரித்தார். "பாப்பா உங்களுக்கே பரீட்சை வைக்குது சார்."

வாத்து மறுபடி மூழ்கி, வெயிலுக்கு எதிரே வெறும் நிழலாக எழுந்தது. கருத்து ஒத்துவராத பறவைக்கு மூத்தவர் சொல்லும் பெயரே பட்டியலில் ஏறும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே கிளமெண்ட்தான்.

"சரி சார், நீங்க சொன்னதே இருக்கட்டும்" என்றாள். அதில் துளிக் கோபம் இல்லாததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம் தா.பழூரில் தன் வீட்டில், பட்டியலோடு வன அலுவலகத்துக்கு அனுப்பும் கடிதத்தைக் கிளமெண்ட் எழுத உட்கார்ந்தபோது போனில் அவள் எடுத்த படம் வந்தது. பெரிதாக்கினார். சரிந்த நெற்றி, குடுமியின் அடையாளமே இல்லை. மிளகுபோலக் கண். கீழே, 'சும்மா பாருங்க சார், எழுதுனத மாத்த வேணாம்.' குத்திக்காட்டியிருந்தாலாவது தேவலை.

பழைய நகல்களைப் புரட்டினார். முதல் வருடம் குடுமியோடு ஓர் ஆண் வந்திருந்தது. பக்கத்தில் நீந்திய பழுப்பை அதன் ஜோடி என்று அவரே முடிவுகட்டி எழுதியிருந்தார். ஆண் பிறகு வரவேயில்லை. ஜோடியை மட்டும் வருடந்தோறும் அதே பெயரில் எழுதிவந்திருக்கிறார்.

நகல்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார். இந்த வருடப் பட்டியலில் குடுமி வாத்தை அளவுகோல் வைத்து அடித்து, மேலே வெள்ளைக்கண் வாத்து என்று எழுதினார். கண்டவர் பெயருக்கான கட்டத்தில் வெகுநேரம் பேனா நின்றது. பிறகு, 'கிளமெண்ட், வெற்றிச்செல்வி' என்று தன் பெயரை முதலில் வைத்து எழுதினார்.

உறைக்குப் பசை தடவி, ஓரங்களை விரலால் நீவி ஒட்டினார். தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, மேசைமேல் கிடந்த போனைத் தொட்டார். திரை நிறைய அந்தக் கருப்புக் கண்.