தை மாதத்துச் சுவர்

அடைக்கப்பச் செட்டியார் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "அடடா! மச்சு வீட்டுச் சுவரு மாதிரியில்ல சில்லுன்னு இருக்கு" என்றார். தோளில் பினாங்கிலிருந்து கொண்டுவந்த கம்பளிச் சால்வை. வெளியே தை மாதத்துக் காலை வெயில் கோழிக்குஞ்சு மாதிரி மெத்தென்று வாசலில் கிடந்தது. அவர் தாயார் உண்ணாமலை ஆச்சி பேரில் அவர் கட்டிக் கொடுத்த பிரசவ ஆஸ்பத்திரி அது. திருமயம் போகிற சாலையோரம், பாறைக் குன்றின் அடியில், ஆறு கட்டில் போட்ட ஒரே நீளமான கூடம். கூரைத் தகரம் கப்பலில் வந்தது. அதில் அவருக்குப் பெருமை அதிகம். கட்டடத்துக்கு வந்த யாரையும் முதலில் அண்ணாந்து பார்க்கவைத்துவிட்டுத்தான் வேறு பேச்சு பேசுவார்.

நர்சு செவந்தி அண்ணாந்து பார்க்கவில்லை. அந்தத் தகரத்தை அவள் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது.

"ஐயா, கூரைய மாத்தணுங்க. சித்திரையில உள்ள இருக்க முடியல."

"இந்தக் குளிர்ச்சியிலயா?"

"இன்னைக்குக் குளிருது, மெய்தாங்க. ஒரு நாளைப் பாத்து ஊரைச் சொல்ல முடியுங்களா? நீங்க வாரதெல்லாம் மார்கழி, தையிலதானே."

செட்டியார் கோபிக்கவில்லை. அவர் கோபக்காரரும் இல்லை. தைக் கலியாணங்களுக்கென்று மார்கழியிலேயே வந்து, மொய் எழுதி, கோயில் காரியம் பார்த்து, மாசி பிறக்குமுன் கப்பலேறுகிற மனிதர். இருபது வருஷமாகச் சொந்த ஊரின் சித்திரையை அவர் கண்ணால் கண்டதில்லை. சின்ன வயதில் பட்ட வெயிலெல்லாம் நினைவில் ஆறிப்போயிருந்தது. ஊர் என்று அவர் நினைத்து உருகியது ஊரின் இரண்டு மாதங்களைத்தான். "பினாங்குல எங்க சரக்குக் கிட்டங்கிக் கூரை பூராவும் தகரந்தான். அங்க வெயில் இல்லையா என்ன?" என்று சிரித்தார்.

"அங்க பாதி நாளு சாயங்காலமானா மழை ஊத்தும்னு நீங்கதானே சொன்னீங்க. தகரம் நனைஞ்சு ஆறிரும். இங்க யாரு வந்து ஊத்துறது?"

"பாப்போம், பாப்போம். அடுத்த தடவை வரும்போது பேசிக்கலாம்" என்று சால்வையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார். தை மாதத்தில் சித்திரையை எடுத்துக் காட்டுவதற்கு அவளிடம் என்ன இருக்கிறது? வாசலில் நின்று கார் போவதைப் பார்த்தாள்.

அவரைக் குறை சொல்ல அவளுக்கே வாய் வராது. இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகை மழையில் மீமிசலிலிருந்து மாற்றலாகி வந்து இறங்கியபோது, அவளும் இதே சுவரைத் தொட்டுப் பார்த்து நல்ல இடம் என்று மகிழ்ந்தவள்தான். மீமிசலிலும் அவளுக்குத் தகரக் கூரைதான். ஆனால் மத்தியானம் திரும்பியதும் கடல் காற்று ஏறிவிடும். நாள் முழுக்க நின்று தாதி வேலை பார்க்கலாம். இங்கே கடலில்லை. காற்று வருகிற பக்கத்தில் குன்று மறித்துக்கொண்டிருக்கிறது. பகலெல்லாம் குடித்த வெயிலை, விளக்கு வைத்த பிறகு பாறை திருப்பிக் கக்குகிறது. மேற்குச் சுவரில் ஒரு செடியின் நிழல்கூட விழாது. இதெல்லாம் மெல்ல மெல்லத்தான் அவளுக்குப் பிடிபட்டது. பிடிபடுவதற்குள் ஒரு பிள்ளை போய்விட்டது.

போன சித்திரை. பக்கத்து ஊர்க்காரி கண்ணாத்தாளின் தங்கை பிள்ளை பெற்ற மறுநாள் மத்தியானம், தெர்மாமீட்டரை உதறி வாயில் வைத்தால் நூற்று நாலு. இன்னொரு தடவை உதறி வைத்தாள். நூற்று நாலு. பெற்றவளுக்கு ஜன்னி கண்டுவிட்டது என்று பதறி, பச்சைப் பிள்ளையோடு வில்வண்டியில் ஏற்றிப் புதுக்கோட்டைக்கு அனுப்பினாள். உச்சி வெயில், நிழலில்லாத சாலை. தாய்க்குக் காய்ச்சலே இல்லை என்றார்கள் அங்கே. பிள்ளை வழியிலேயே வாடிப்போயிருந்தது, தேறவில்லை. கூடத்தின் சூடே நூற்று நாலு. அந்தச் சூட்டில் கிடந்த பாதரசம் எத்தனை உதறினாலும் அதற்குக் கீழே எப்படி இறங்கும்? உடம்பு அதைவிடக் குளிர்ந்திருந்தாலும், ஏறிய பாதரசம் வாயில் வைத்ததால் இறங்காது. இது செவந்திக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது அவள் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இப்போது கண்ணாத்தாளே பிள்ளைத்தாச்சி. கணக்குப்படி சித்திரை நடுவில் பிரசவம். தலைப்பிரசவத்தில் வீட்டில் ரத்தம் நிற்காமல் மயிரிழையில் பிழைத்தவள். இந்தத் தடவையும் வீட்டிலென்றால் என்ன ஆகும் என்று செவந்தி நினைத்துப் பார்க்கவே அஞ்சினாள். பருத்திக் காட்டுக்கே தேடிப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். கண்ணாத்தாள் நிமிரக்கூட இல்லை.

"செத்தாலும் என் வீட்டுல சாகுறேன் நர்சம்மா. அந்த அடுப்புக்குள்ள வந்து படுக்க மாட்டேன்."

"அடுப்ப அணைச்சுட்டா வருவியா?"

"அணைங்க. பொறவு பாப்போம்."

அவ்வளவு போதும் என்று செவந்தி திரும்பி நடந்தாள். அவள் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ரகமில்லை. மீமிசலில் அவளுக்கு உடும்பு என்றே பேர்.

பங்குனி பிறந்ததும் செட்டியார் வீட்டுக்குப் போனாள். செட்டியாரின் மனைவி கண்ணம்மை ஆச்சி கொண்டுவிற்கத் தொழிலுக்குப் போனவரோடு கடல் தாண்டாமல் ஊரிலேயே இருந்து வீட்டை ஆள்பவள். முகப்பைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் கால் வைத்ததுமே செவந்திக்கு உடம்பு குளிர்ந்தது. ஒரு முழக் கனத்துக்குச் சுவர், முட்டையும் சுண்ணாம்பும் இழைத்த பூச்சு, அடுக்கடுக்காய் ஓடு, சூட்டையெல்லாம் மேலே அனுப்பிவிடுகிற வானவெளி முற்றம். ஆச்சி வெறும் தரையில் உட்கார்ந்து வடகத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்னா வெயில்தான் செவந்தி. நான் இங்கினக்குள்ள வருசம் பூரா இல்லையா?"

"நீங்க ஊர்ல இல்ல ஆச்சி. இந்த வீட்டுல இருக்கீங்க."

ஆச்சியின் கை நின்றது. இப்படி யாரும் அவளிடம் பேசியதில்லை.

"நாளைக்கு மத்தியானம் சாப்பிட்ட கையோட வந்து, ஒரு கட்டில்ல ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்க. அதுக்கப்புறம் நான் ஒங்க வாசப்படி ஏற மாட்டேன்."

ரோஷம் ஆச்சியின் பலவீனம். மறுநாள் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். காலியாகக் கிடந்த ஆறு கட்டில்களில் மேற்கோரக் கட்டிலைத் தானே தேர்ந்தெடுத்துப் படுத்தாள். முதலில் ஊர்க்கதை பேசினாள். பிறகு பேச்சு நின்றது. தகரம் சூட்டில் படார் படாரென்று தெறித்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கை பட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மூக்குத்திக்குக் கீழே வேர்வை கோத்து நின்றது. புடவை முதுகோடு ஒட்டியது. எழுந்திருக்கட்டுமே என்று செவந்தி பார்த்தாள், ஆச்சி எழுந்திருப்பதாயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். முகம் செக்கச் சிவந்ததும் செவந்திக்கே பயம் வந்து, தெர்மாமீட்டரை உதறி ஆச்சியின் வாயில் வைத்தாள். எடுத்துக் காட்டினாள்.

"நூத்தி மூணா? எனக்கா காச்சல்?" ஆச்சி பதறி எழுந்தாள்.

"ஒங்களுக்கு இல்ல ஆச்சி. கூடத்துக்கு." மண்பானைத் தண்ணீரில் தெர்மாமீட்டரை முக்கிக் குளிரவைத்து, உதறி, சட்டென்று மறுபடி வைத்தாள். இப்போது சரியாக இருந்தது. "இப்படித்தான் போன வருசம் எனக்குத் தெரியாமப் போச்சு." பிள்ளையின் கதையைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில், "இதைப் பானையில முக்கிரலாம் ஆச்சி. பெத்தவள எதுல முக்குறது?" என்று கேட்டுப் பானையை மூடினாள்.

ஆச்சியும் நாலு பெற்றவள். நாலும் இரண்டாம் கட்டு அறையில், குளிர்ந்த தரையில். "தகரத்து மேல கீத்து வேயச் சொல்றேன்" என்றாள்.

அதில்தான் வந்தது வினை. நகரத்தார் கட்டிய தர்மக் கட்டடத்துக்குக் கீற்றா? மாமியார் பேர் பொறித்த கல்லுக்கு மேலே குடிசைக் கூரை போட்டு மருமகள் பழைய கணக்கைத் தீர்க்கிறாள் என்று பங்காளி வீடுகளில் பேச்சு கிளம்பியது. மாமியாரும் மருமகளும் ஒரே வளவில் தனித்தனி அடுப்பு வைத்திருந்த காலத்தை ஊர் மறக்கவில்லை. வீட்டுக் கணக்கப்பிள்ளை வயிரவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"செட்டியாரு கேட்டா நான் என்ன சொல்ல ஆச்சி?"

"சித்திரையில வரச் சொல்லுங்க. அந்தக் கட்டில்ல படுத்து எந்திரிச்சிட்டு என்னையக் கேக்கட்டும்."

தகரத்துக்கு மேல் மூங்கில் பாய்ச்சி, நடுவில் காற்றுப் போக ஒரு சாண் விட்டு, கீற்றைக் கனமாக வேய்ந்தார்கள். செவந்தி அதோடு விடவில்லை. மேற்குச் சுவருக்குப் பந்தல் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று அதையும் வாங்கினாள். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாள். பாறையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. கீற்றின் நுனி சரிந்து, வாசல் கல்லிலிருந்த உண்ணாமலை ஆச்சி பேரில் பாதியை மறைத்தது. நறுக்கிவிடலாமா என்று கேட்ட ஆளிடம் கண்ணம்மை ஆச்சி, "நெழல்ல இருக்கட்டும் அவுகளும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சித்திரையில் வெயில் சொன்னபடி வந்தது. தெர்மாமீட்டரைச் செவந்தி தினமும் மத்தியானம் எடுத்து உதறிப் பார்த்தாள். சில நாள் நன்றாக இறங்கியது. சில நாள் நூறுக்கு அருகில் முரண்டு பிடித்தது. போன வருஷத்தோடு பார்த்தால் எவ்வளவோ தேவலை. ஆனால் கண்ணாத்தாளுக்கு அது போதுமா? அந்த ஊர்ப்பக்கமே போகக் கூடாது, அவளாக வரட்டும் என்று செவந்தி வீம்பாக இருந்தாள். ராத்திரிகளில் தூக்கம் பிடிக்கவில்லை.

ஒரு நாள் பிற்பகல், சாலை கானலில் நெளிந்துகொண்டிருந்தபோது, கண்ணாத்தாளின் புருஷன் மலையாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். உள்ளே வைக்கோல் மேல் கண்ணாத்தாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. "வலி எடுத்துருச்சுங்க. உள்ள வரணுமா வேணாமான்னு தானே பாத்துத்தான் சொல்வேங்கிறா" என்றான் மலையாண்டி, பாவம், யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல்.

செவந்தி படியிலேயே நின்றாள். ஓடிப்போய் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் போலிருந்தது. அசையவில்லை.

கண்ணாத்தாள் இறங்கினாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். வாசலுக்கு வராமல், ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி கட்டடத்தைச் சுற்றி மேற்குப் பக்கம் நடந்தாள். செவந்தியும் பின்னாலேயே போனாள். வெயில் முழுக்க அந்தப் பக்கம் விழுகிற நேரம். பந்தலுக்குள் நுழைந்து கண்ணாத்தாள் உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்தாள்.

அப்போது வலி வந்தது. அவள் உடம்பு முழுக்க வளைந்தது, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கையை மட்டும் சுவரிலிருந்து எடுக்கவில்லை.