உள்ளிருந்து கூப்பிட்டது

நீச்சல் குளத்துப் பம்பு அறையில், குளோரின் கரைசல் இருந்த வாளியில், அங்கே வேலை பார்க்கும் தம்பி தவறுதலாக அமிலத்தை ஊற்றிவிட்டான். மஞ்சள் புகை குப்பென்று கிளம்பியது. இருமிக்கொண்டே வெளியே ஓடி, முகம் கழுவி, ஆசுவாசமான பிறகுதான் அக்காவுக்கு போன் செய்தான். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் அவள். திட்டித் தீர்த்து, அன்றே வார்டில் சேர்த்தாள்.

மறுநாள் காலை அவன் ரத்தம் அவள் மேசைக்கே வந்தது. இன்டர்லூகின் அளவு பார்க்க வேண்டும். உடம்பில் எங்காவது காயம் பட்டால் வெள்ளணுக்களுக்குச் சேதி அனுப்பிக் கூப்பிடும் புரதம் அது. எண் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. கருவியைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினாள். அதே எண்.

மாடிக்கு ஓடினாள். தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

"மூச்சு எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. உன் மூஞ்சிதான்க்கா பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

டாக்டர் அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்: புகை நேற்றே போய்விட்டது, கிருமியும் இல்லை, ஆனால் உடம்பு கூப்பிடுவதை நிறுத்தவில்லை. வந்து குவியும் வெள்ளணுக்கள் நல்ல சதையையும் அரிக்கின்றன, நுரையீரலுக்குள் நீர் கசிகிறது. உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றச் சொன்னார்.

மதியத்துக்குள் உதடு நீலம் பாய்ந்தது. பேசிக்கொண்டிருந்தவன் மூச்சு வாங்கிப் பாதியில் நிறுத்தினான். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில் குழாய் செருகி, குப்புறப் படுக்க வைத்தார்கள். அக்கா தினமும் கீழே அவன் ரத்தத்தை அளந்தாள். மேலே போகத்தான் கால் வரவில்லை.

ஆறாம் நாள் எண் இறங்கியது. நம்பாமல் மூன்று முறை ஓட்டினாள். பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

கரகரத்த குரலில் தம்பி முதலில் கேட்டது இதைத்தான்: "யாருக்கா அது, கூப்பிட்டுக்கிட்டே இருந்தது?"

மயக்க மருந்தில் அப்படிக் கேட்கும் என்றாள்.

"வாங்க வாங்கன்னு ஊரையே கூப்பிட்ட மாதிரி. என் குரல்தான்க்கா. வாயை இறுக்கி மூடினேன். வாய்லேர்ந்து வரல அது."

வராந்தாவில் டாக்டர் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"இப்போ கேக்குதாடா?"

அவன் கொஞ்ச நேரம் கவனித்தான். இல்லை என்று தலையாட்டினான்.

மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினான். படியேறினால் இன்னும் மூச்சு இளைக்கிறது. அவன் ரத்தச் சோதனைக்கு வரும் நாட்களில், அந்தக் கருவி முன்னால் அக்கா வேறொருவரை உட்காரச் சொல்லிவிடுகிறாள்.