கட்டைப்பையில் இருந்த குங்குமப்பூ

"நற்பெயருக்கு ஏற்பட்ட இழப்பு" என்று நோட்டீஸில் போட்டிருந்ததைப் படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நற்பெயர் போனது கடைக்காம். குங்குமப்பூ டப்பாவை அன்றைக்கே பிடுங்கிக்கொண்டார்கள். துடைத்து அதே தட்டில் வைத்து இந்நேரம் யாருக்காவது விற்றும் இருப்பார்கள். அதற்குப் பிறகும் காவலாளியின் நேரம், அலுவலகச் செலவு, நற்பெயர் என்று கணக்குப் போட்டு, நான் மாமல்லபுரம் ரிசார்ட்டில் மாதக்கணக்கில் ஏசி கழற்றி மாட்டினால் வருகிற பணத்தைக் கேட்டிருந்தார்கள். கட்டாவிட்டால் போலீஸில் புகாராம். கடைக்காகச் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் எழுதியிருந்தார். நோட்டீஸ் யார் பெயருக்கு வந்திருக்கிறதென்று அப்புறம்தான் பார்த்தேன். சந்திரம்மா, கணவர் பெயர் ஏசுபாதம், புதுப்பட்டினம். என் அம்மா. சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

அம்மா அணுபுரம் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறாள். ஒரு வீட்டில் புருஷன், பெண்டாட்டி இருவருமே விஞ்ஞானிகள். காலையில் கிளம்பும்போது சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பீரோவைக்கூடப் பூட்டுவதில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். ஒரு போலீஸ்காரர் வந்து அவள் பெயரை விசாரித்தால் போதும், அந்த வாசல் மூடிவிடும். அப்புறம் அந்தத் தெருவில் எந்த வாசலும் திறக்காது.

நடந்தது இதுதான். என் மனைவி கவியாவுக்கு ஐந்தாம் மாதம். செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று மாமியாரும் மருமகளும் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போயிருக்கிறார்கள். பாதி ஏசிக் காற்றுக்காகத்தான். ஸ்கேன் படம் இருந்த கட்டைப்பையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகக் கவியாவுக்கு மனசு வரவில்லை. காவலாளியும் வயிற்றைப் பார்த்து விட்டுவிட்டார். பையை ஆளுக்குக் கொஞ்ச நேரம் தூக்கிக்கொண்டு கடையைச் சுற்றியிருக்கிறார்கள். குங்குமப்பூ டப்பாவை எடுத்து, விலையைப் படித்துச் சிரித்து, "கறுப்பாவே பொறக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். வெளியே வரும்போது பையைச் சோதித்ததில் ஸ்கேன் படத்துக்குக் கீழே அந்த டப்பா இருந்தது.

போன் வந்து நான் பைக்கில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சரக்கு இறக்கும் வழியில் ஒரு சின்ன அறை. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "நான்தான் எடுத்தேன்" என்று மேனேஜர் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். கவியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போலாம்டா" என்றாள் அம்மா. இருவரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் பைக்கில் பின்னாலேயே வந்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. திருட்டுப் பட்டம் வந்த வீட்டில் சண்டை வரும், அழுகை வரும். எங்கள் வீட்டில் பாசம் வந்தது. அம்மா வேலை முடிந்து வந்ததும் வராததுமாகக் கவியாவுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் கவியா அம்மாவின் புடவைகளைத் துவைத்துப் போட்டாள். மீன் குழம்பில் நல்ல துண்டு யார் தட்டிலும் நிற்காமல் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது. இதற்கு முன்னால் இவர்கள் எலியும் பூனையும் இல்லை, ஆனால் இப்படி இழைந்ததும் இல்லை.

"அந்தப் பொண்ண ஒண்ணும் கேக்காதடா. மாசமா கீறா" என்று அம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அத்தைய எதுனா கேட்டு வச்சிடாதீங்க. பாவம் அவங்க" என்று கவியாவும் சொன்னாள்.

நான் யாரையும் கேட்கவில்லை. மனசுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். வேலைக்குப் போகும் வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் சில்லறையைக்கூட எடுத்து டிவி பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறவள் அம்மா. கடைக்காரர் மிச்சம் கூடக் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்ப நடக்கிறவள் கவியா. ஆனாலும் டப்பா தானாக நடந்து வந்து பைக்குள் ஏறாது. ஏசி ஓடாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவேன், கடைசியில் மிஞ்சுவதுதான் கோளாறு. இங்கே இருப்பதே இரண்டு பேர்தான். கழிக்க வரவில்லை. அம்மா சுடுசோறு போடும்போது இவளாக இருக்குமோ என்று தோன்றும். கவியா பக்கத்தில் படுத்திருக்கும்போது இவளோ என்று தோன்றும். தோன்றிவிட்டதே என்று என்மேலேயே எரிச்சல் வரும்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு மூன்று பேருமாகச் செங்கல்பட்டில் ஜெபசிங் வக்கீலிடம் போனோம். எங்கள் சபைக்காரர். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இது கோர்ட்டு உத்தரவு இல்ல தம்பி. கேட்டுப் பாக்கறாங்க, அவ்ளோதான். பொருள் அவங்க கைக்குப் போயிடுச்சி. இவ்ளோ நஷ்டம்னா கேஸ் போட்டு அவங்கதான் நிரூபிக்கணும். ஆனா பதில் போடாம இருக்காதீங்க. பயந்துகினு பணத்தக் கட்டினா, எடுத்தது உண்மைன்னு ஆயிடும். பதில்ல ஒண்ணுதான் சொல்ல முடியும். எடுத்தீங்களா, எடுக்கலியா?"

"எடுத்தேன் சார். நான்தான். அப்டியே எழுதிக்கோங்க" என்றாள் அம்மா.

"எழுதறேம்மா. டப்பாவ பையில எங்க வச்சீங்க? மேலயா, அடியிலயா?"

அம்மா விழித்தாள். "மேலதான் சார்" என்றாள். பிறகு கவியாவின் முகத்தைப் பார்த்தாள், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பது போல.

கவியா அழுதுவிட்டாள். "சார், அவங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். எனக்காகத்தான் எடுத்தாங்க. என் புள்ள நல்லா பொறக்கணும்னுதான். அவங்களுக்குன்னு ஒரு பொருள் தொட மாட்டாங்க."

"இன்னாடி சொல்ற?" அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "நான் எங்க எடுத்தேன்? வாயும் வயிறுமா கீற, ஏதோ ஆசப்பட்டு எடுத்துட்டன்னு நான் பழிய ஏத்துகினா..."

கவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான் எடுக்கல அத்தை."

"நானும் எடுக்கல."

வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? தட்டுலேருந்து தவறி விழுந்திருக்கும். ரெண்டு பேருமே எடுக்கல, கையெழுத்து மெரட்டி வாங்குனதுன்னு எழுதிடலாம்."

"மெரட்டல சார். மாசமா கீற பொண்ணக் கூட்டிகினு ஸ்டேஷனுக்குப் போவோம்னாங்க. நானாதான் போட்டேன்."

"அதுக்குப் பேர்தாம்மா மெரட்டறது" என்றார் ஜெபசிங்.

அவர் சொல்லச் சொல்லப் பக்கத்து மேசையில் பதில் டைப் ஆனது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அம்மாவின் வேலை தப்பிவிடும், மானம் தப்பிவிடும். கடையும் அவர்களுடைய சென்னை வக்கீலும் வாயை மூடிக்கொள்வார்கள். டீ சாப்பிடலாமா என்று திரும்பிக் கேட்டேன். இருவரும் ஒரே பெஞ்சில் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் முன்னால் வரை ஒருத்திக்காக ஒருத்தி ஜெயிலுக்கே போகத் தயாராக இருந்தவர்கள்.

பஸ் நிலையத்தில் கவியாதான் ஆரம்பித்தாள். "அப்போ என்னத் திருடின்னு நெனச்சிகினுதான் பால் காய்ச்சிக் குடுத்தீங்களா?"

"நீ மட்டும்? என்ன அப்டி நெனச்சிகினுதான பொடவயத் தொவச்ச?"

"அது பாசத்துல அத்தை."

"இதுவும் அதான்டி."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதுதான் சிக்கல். கோபித்துக்கொள்வதற்குக்கூட எதிரில் ஒரு தப்பான ஆள் இல்லை. சமாதானம் செய்யலாமென்று நான் இடையில் போய், "சரி, வுடுங்க. அதான் ரெண்டு பேருமே எடுக்கலன்னு ஆயிடுச்சே" என்றேன்.

கவியா என் பக்கம் திரும்பினாள். "நீங்க யாருன்னு நெனச்சீங்க?"

"நானா?"

"ஆமாடா, நீதான்" என்றாள் அம்மா. அவள் குரலில் கோபமே இல்லை. "இத்தினி நாளா வாயத் தொறக்காம இருந்தியே. நீ யார நெனச்ச?"

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் கல்பாக்கம் பஸ் வந்து நின்றது. கூட்டமே இல்லை, எல்லோருக்கும் சீட் இருந்தது. கண்டக்டர் படியில் நின்று எங்களைப் பார்த்து, "ஏறுறீங்களா, இன்னா?" என்று கேட்டார். அம்மா ஏறவில்லை. கவியாவும் ஏறவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த இடைவெளி எப்போது மூடியது என்று நான் கவனிக்கவில்லை. தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் நகர ஆரம்பித்தது.