தலையைக் காட்டிவிட்டு வந்தவர்

அலிபிரியில் படியேறி மலைக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டதால்தான் நைனா சத்தியவேட்டிலிருந்து வந்தார். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குக் காலையிலேயே வந்துவிட்டவர், வீட்டுக்கு வரும்போது மத்தியானம்.

"எங்க போயிட்ட நைனா?"

"போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு தபா தலைய காட்டிட்டு வந்தேன்."

தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி பத்மினி அப்படியே நின்றுவிட்டாள்.

நாங்கள் எருகலர். எங்கள் சாதியே பிறவித் திருடர்கள் என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். வேற்றூரில் தங்கினால் போலீஸில் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் நைனா பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. தாத்தா சொல்லிக்கொடுத்ததை இவர்தான் விடவில்லை. ஊர்ப் போலீஸும் சந்தேகத்தை விடவில்லை, அது வேறு. நாமே முந்திச் சொல்லிவிட்டால் நம்மைத் தேட மாட்டார்கள் என்பது இவர் நம்பிக்கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா சொன்ன அங்க?"

"எருகலோன், புள்ள வூட்டுக்கு வந்துக்கிறேன்னேன். நல்ல மனுசன், ஒக்காரச் சொன்னாரு. போன்ல போட்டோ புட்சிக்கினாரு. ஒன் அட்ரஸும் குட்துட்டேன்."

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் தோதாத்ரி நாங்கள் இன்னார் என்று கேட்டதில்லை. நாங்களும் வாயைத் திறந்ததில்லை. அவர் மனைவி வஸுமதி சனிக்கிழமைதோறும் புளியோதரை கொடுத்தனுப்புவார்.

சாயந்திரம் மாடியில் சாமான்களை உருட்டும் சத்தம் கேட்டது. வஸுமதி பாதிப் படி இறங்கி வந்தார்.

"பத்மினி, பெருமாளோட வெள்ளி வட்டிலைக் காணோம். எங்கேயாவது பார்த்தியாம்மா?"

"இல்லிங்க மாமி. அங்கதான் எங்கனா இருக்கும்."

கேட்கும்போது அவர் பார்வை நைனாவின் பைமேல் போகவில்லை. அதற்கே அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. அவர் மேலே போனதும் பையை எடுத்து நைனாவிடம் நீட்டினேன்.

"அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்பு நைனா."

"படி ஏறணும்னியேடா."

"இன்னொரு தபா ஏறலாம்."

"இப்பப் போனா ஓட்ற மாரி இருக்கும்டா. நா சொல்லிட்டுத்தான வந்துக்கிறேன். எனுக்கு இன்னா பயம்?"

அவர் சொன்னது சரிதான். போனாலும் குற்றம், இருந்தாலும் குற்றம்.

தெருமுனையில் ஜீப் திரும்பியது. வழக்கமான ரவுண்டாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கேட்டிலும் கதவு நம்பரைப் பார்த்துப் பார்த்து ஊர்ந்து வந்தது. முன்சீட்டில் இருந்தவர் கையில் போன். மாடியில் இன்னும் பீரோவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

நைனா எட்டிப் பார்த்தார். தெரிந்தவரைக் கண்டதுபோல் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அவருதாண்டா" என்றபடி கேட்டைத் திறக்க எழுந்தார்.